ஒரு காருக்குப் பேர் வைத்த பார்ட் நம்பர்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு காரைப் பத்தி. ஆனா அந்த காரோட வேகம், குதிரைத்திறன், சவுண்டு எதையும் நான் பேசப் போறதில்லை. அதோட உதிரிபாகப் பட்டியலைப் பத்திப் பேசப் போறேன். இருங்க, எபிசோடை மாத்திடாதீங்க. உலகத்துல இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார்கள்லயே ரொம்பப் புகழ்பெற்ற ஒரு பேர், ஸ்பேர் பார்ட்ஸ் நம்பர் போட இடம் தேடினப்போ பிறந்த பேர்.

அதுக்கு முன்னாடி ஒரு பாவமன்னிப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பம்ப் கம்பெனியோட ஸ்டோர் சாஃப்ட்வேரை நாங்க மாத்தி எழுதினோம். பழைய டேட்டாவைப் புதுசுக்குக் கொண்டுபோற வேலை என்னுடையது. அஞ்சு வருஷமா யாரும் வாங்காத பார்ட் நம்பர்களை எல்லாம் "தேவையில்லை"ன்னு நான் தூக்கிட்டேன். டேபிள் சுத்தமாச்சு, தேடல் வேகமாச்சு, டீம்ல பாராட்டு வேற. மூணு மாசம் கழிச்சு ஸ்டோர்ல இருந்து போன். இருபது வருஷப் பழைய மோட்டார் ஒன்னு, அதுக்கு ஒரு ஆயில் சீல் வேணும். சீல் அலமாரியிலேயே இருக்கு. ஆனா எது அந்த மோட்டாருக்கான சீல்னு சொல்ல சிஸ்டத்துல ஆள் இல்லை. கடைசியில ரிட்டையர் ஆகப் போற ஸ்டோர்கீப்பர் ஒருத்தர் தன் பழைய நோட்டைத் திறந்து பார்த்துச் சொன்னார். நான் அழிச்சது குப்பை இல்லை, ஞாபகம். அந்த உறுத்தல்லதான் நான் இந்தக் கதைக்குள்ளேயே போனேன்.

ஏழிலிருந்து எண்ணத் தொடங்கியவர்

1931-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒரு டிசைன் அலுவலகம் திறந்தார். மற்ற கம்பெனிகளுக்கு கார், இன்ஜின் வடிவமைத்துக் கொடுக்கிற கன்சல்டன்சி. வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை எண். முதல் வேலை, வாண்டரர் கம்பெனிக்கான ஒரு கார். அதற்கு என்ன நம்பர் கொடுத்தார்கள் தெரியுமா? 7. முதல் கிராக்கி நாம்தான் என்று வந்தவருக்குத் தெரிய வேண்டாமே! புதுசா கடை திறந்தவர் பில் புக்கை நூத்தி ஒன்னுல இருந்து ஆரம்பிக்கிற அதே தந்திரம்.

அந்த வரிசையில் 60-ஆவது வேலை, ஹிட்லர் அரசு 1934-ல் கேட்ட மக்கள் கார். நாம் பீட்டில் என்று சொல்லும் ஃபோக்ஸ்வாகன். போருக்குப் பிறகு 1948-ல் போர்ஷே தன் சொந்தப் பெயரில் முதன்முதலாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியபோது அதன் வேலை எண் 356. காரின் பெயரும் அதுவே. தனியா பேர் வைக்கணும்னு யாரும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கலை. டிராயிங்ல என்ன நம்பரோ அதுதான் பேர்.

அடுத்த காருக்குப் பெயர் வைக்கும்போதுதான் கதை திரும்புகிறது. 1960-களின் தொடக்கத்தில் போர்ஷே, ஃபோக்ஸ்வாகனோடு இன்னும் நெருங்கி வேலை செய்யத் திட்டமிட்டிருந்தது. அப்படியானால் இரண்டு கம்பெனிகளின் பாகங்களும் ஒரே நம்பர் முறையில் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் பட்டியலில் எந்த எண்கள் காலியாக இருக்கின்றன என்று தேடினார்கள். 900 வரிசை காலியாக இருந்தது. எனவே புது கார் 901 ஆனது.

நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு டேட்டாபேஸை ஒருநாள் மெர்ஜ் பண்ணணும்னு தெரிஞ்சு, ஐடி மோதாம இருக்க ஒரு ரேஞ்சை முன்னாடியே ஒதுக்கிட்டாங்க. வருஷம் 1963-க்கு முன்னாடி. அந்த முன்யோசனை எனக்கு இருந்திருந்தா என் வாழ்க்கையில பாதி ராத்திரி தூங்கியிருப்பேன்.

பூஜ்யத்துக்கு உரிமை கேட்ட பிரெஞ்சுக்காரர்கள்

1963 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் 901 வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து, 1964-ல் உற்பத்தியும் தொடங்கியது. அப்போது பிரான்ஸிலிருந்து பெஜோ கம்பெனி கையைத் தூக்கியது. மூன்று இலக்கம், நடுவில் பூஜ்யம் என்ற பெயர்முறை எங்களுடையது என்றார்கள். 1929-ல் 201 வந்ததிலிருந்து அவர்கள் அப்படித்தான் பெயர் வைத்து வந்தார்கள். பிரான்ஸ் போர்ஷேக்கு முக்கியமான சந்தை. வழக்கு, வம்பு எதுவும் வேண்டாம் என்று போர்ஷே பூஜ்யத்தைத் தூக்கிவிட்டு ஒன்றைப் போட்டது. 901, 911 ஆனது. அதற்குள் 82 கார்கள் 901 என்ற பெயரில் தயாராகியிருந்தன.

இங்கதான் கவனிக்கணும். பெயரை மாற்றினார்கள். பார்ட் நம்பரை மாற்றவில்லை. டிராயிங், அச்சு, அலமாரி, சப்ளையர் பில் என்று எல்லா இடத்திலும் 901 ஏறிவிட்டது. அதை மாற்றினால் எங்கே எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே பழைய 911-ன் பட்டியலை இன்றைக்குத் திறந்தாலும் 901 என்று தொடங்கும் பாகங்கள் வரிசையாக வரும். விளம்பரத்தில் இல்லாத பெயர், வாஷரில் இருக்கிறது. பெஜோ தடுத்தது காரின் முதுகில் ஒட்டிய எழுத்தை மட்டும்தான்.

ஒரு நம்பரைப் படிப்பது எப்படி

சரி, இந்த நம்பரை எப்படிப் படிக்கிறது? ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 930 107 764 01. இது 1970, 80-களின் 911-க்கான ஆயில் ஃபில்டர். நான்கு துண்டுகள்.

முதல் துண்டு 930. அந்தப் பாகம் எந்த வண்டிக்காக முதலில் வரையப்பட்டது என்பதைச் சொல்கிறது. 930 என்றால் 911 டர்போவின் உள் எண். ஆனால் இதே ஃபில்டர் டர்போ இல்லாத சாதாரண 911-லும் போகும். அதாவது முதல் துண்டு பாகம் பிறந்த ஊர். இப்போ குடியிருக்கிற ஊர் வேறயா இருக்கலாம். புதுசா வர்றவங்க முதல்ல தடுக்கி விழுற இடம் இது. "என் வண்டி 911, எனக்கு ஏன் 930 பார்ட் அனுப்பினீங்க"ன்னு கடைக்காரரோட சண்டை போட்டா, தப்பு நம்ம பக்கம்தான்.

இரண்டாவது துண்டின் முதல் இலக்கம் வண்டியின் பகுதி. 1 இன்ஜின். 2 எரிபொருளும் எக்ஸாஸ்டும். 3 கியர்பாக்ஸ். 4 முன் அச்சும் ஸ்டியரிங்கும். 5 பின் அச்சு. 6 சக்கரம், பிரேக். 7 பெடல், கைநெம்பு. 8 பாடி. 9 மின்சாரம். 107 என்றால் இன்ஜின், அதில் ஆயில் ஓட்டம்.

மூன்றாவது துண்டு குறிப்பிட்ட பாகம். இதில் ஒரு அழகு உண்டு. இடது, வலது என்று ஜோடியாக வரும் பாகங்களில் இடதுக்கு ஒற்றைப்படை எண், வலதுக்கு இரட்டைப்படை. நம்பரைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

கடைசித் துண்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. அது பதிப்பு எண். 00 முதலில் வந்தது. திருத்தம் வந்தால் 01, 02 என்று ஏறும். பழையதை வாங்கிக்கொண்டு பழுது நீக்கித் தரும் எக்ஸ்சேஞ்ச் பாகம் என்றால் கடைசியில் ஒரு எக்ஸ் எழுத்து. ஆக, நாம கிட் வர்றதுக்கு முன்னாடி ஃபைல் பேர்ல "ஃபைனல்", "ஃபைனல் டூ"ன்னு எழுதிட்டிருந்தோமே, அதை இவங்க ஒழுக்கமா, ரெண்டே இலக்கத்துல செஞ்சிருக்காங்க.

புத்தகம், ஃபிலிம், டிஸ்க்

இந்த எண்கள் முதலில் தடித்த ஃபைல்களில் இருந்தன. திருத்தம் வந்தால் பழைய தாளை உருவிவிட்டு புதுத் தாளைச் சொருக வேண்டும். அடுத்து மைக்ரோஃபிஷ் வந்தது. போஸ்ட்கார்டு அளவு ஃபிலிம் ஒன்றில் பக்கம் பக்கமாகச் சுருக்கிய படங்கள். டீலர் கவுண்டரில் ஒரு வாசிப்புக் கருவி; பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே ஃபிலிமை நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர். போர்ஷேயின் மின்னணு பாகப் பட்டியலுக்கு பெட் என்று பெயர். ஜெர்மன் பெயரின் சுருக்கம். ஃபோக்ஸ்வாகனில் இதேபோல எட்கா. டீலர்களுக்கு டிஸ்க்கில் வந்து, பின்னாளில் நெட்வொர்க்குக்குப் போனது. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. இடது பக்கம் வண்டியின் மாடல், வருடம், பகுதி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு படம் வரும். பாகங்கள் எல்லாம் திருகிலிருந்து வாஷர் வரை பிரிந்து காற்றில் மிதக்கிற மாதிரி ஒரு கோட்டோவியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண், அதற்கு எதிரே பார்ட் நம்பர், எத்தனை வேண்டும், எந்த வண்டிக்குப் பொருந்தும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் உயிர் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்றேன்.

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் ஜெர்மனியில "1986 மாடல் 911" வாங்கியிருக்கார்னு வைங்க. கிளட்ச் சரியில்லை. கிளட்ச் கேபிள் ஆர்டர் பண்றார். பார்சல் வருது, பிரிக்கிறார், வண்டிக்கு அடியில போறார். மாட்ட இடமே இல்லை. ஏன்னா அந்த வண்டியில கிளட்ச் கேபிளே கிடையாது.

நடந்தது இதுதான். போர்ஷேயின் மாடல் வருடம், காலண்டர் வருடத்தோடு ஓடாது. முந்தைய வருடம் கோடை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்ததும் அடுத்த மாடல் வருடம் தொடங்கிவிடும். 1986 அக்டோபரில் செய்த கார், பட்டியலில் 1987. அந்த 1987-ல்தான் 911-ன் கியர்பாக்ஸே மாறியது. அதுவரை 915 என்ற வகை, கேபிளால் இழுக்கும் கிளட்ச். 1987-லிருந்து ஜி50 என்ற கெட்ராக் தயாரிப்பு, ஹைட்ராலிக் கிளட்ச். ஆர்சி புத்தகத்தில் பதிவான தேதியை நம்பினால் ஏமாற்றம்தான்.

எதை நம்புவது? சேசி நம்பரை. 1981 மாடலிலிருந்து 17 எழுத்து கொண்ட நம்பர். அதில் பத்தாவது எழுத்து மாடல் வருடம்: ஜி என்றால் 1986, எச் என்றால் 1987. பதினொன்றாவது எழுத்து தொழிற்சாலை: எஸ் என்றால் ஸ்டுட்கார்ட், என் என்றால் நெக்கார்சுல்ம். பட்டியல் இந்த நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் பேசும். "இந்த சேசி வரை இந்தப் பாகம், இதற்குப் பிறகு அது." சில இடங்களில் இன்ஜின் நம்பரையும் கேட்கும். வண்டியோடு வந்த விருப்பத் தேர்வுகளுக்கும் எம் என்று தொடங்கும் குறி எண்கள் உண்டு. எம் 491 என்றால் டர்போ இல்லாத வண்டிக்கு டர்போவின் அகலமான உடல். அந்த வண்டிக்குச் சாதாரண 911-ன் பின் மட்கார்டு வாங்கினால் பொருந்தாது.

பட்டியல் போட்டுக் கொடுக்கும் ரகசியங்கள்

இந்தப் பட்டியலை ஒரு வரலாற்று ஆவணமாகப் படித்தால் கம்பெனியின் பிரஸ் ரிலீஸில் வராத விஷயங்கள் தெரியும்.

924 என்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் ஃபோக்ஸ்வாகனுக்காக போர்ஷே வடிவமைத்த கார் அது. ஃபோக்ஸ்வாகன் பின்வாங்கியது, போர்ஷே தானே எடுத்துக்கொண்டது. தயாரிப்பு நெக்கார்சுல்மில், ஆடி ஆலையில். அதன் பட்டியலைத் திறந்தால் பல பாகங்கள் 924 என்று தொடங்காது. 477 என்று ஃபோக்ஸ்வாகன் பாணியில் தொடங்கும். இன்னும் சில, நேராகவே ஃபோக்ஸ்வாகன் கார்களின் நம்பர். "இது உண்மையான போர்ஷேயா" என்று ரசிகர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். பட்டியல் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று நம்பரில் எழுதி வைத்துவிட்டது. கையில் காசு குறைவாக உள்ள உரிமையாளருக்கு இது நல்ல சேதி. அதே பாகம் ஃபோக்ஸ்வாகன் டப்பாவில் கிடைத்தால் விலை இறங்கும்.

இன்னொன்று, கொஞ்சம் வலிக்கிற ரகசியம். பழைய 911 இன்ஜினில் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது செயின். அது தொய்யாமல் பிடித்துக்கொள்ள இரண்டு டென்ஷனர்கள். அந்தப் பழைய டென்ஷனர் செயலிழந்தால் செயின் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் காலி. டென்ஷனரைக் காலப்போக்கில் திருத்திக்கொண்டே வந்தார்கள். கடைசியில் 1984 மாடல் கரேராவில், இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தாலேயே இயங்கும் புது டென்ஷனர் வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் இன்ஜினிலும் பொருத்திக்கொள்ளத் தொடங்கினார்கள், இன்றும் செய்கிறார்கள். "நாங்கள் தப்பு செய்தோம்" என்று எந்தக் கம்பெனியும் விளம்பரம் கொடுக்காது. ஆனா ஒரு பாகத்தோட நம்பர் திரும்பத் திரும்ப மாறியிருந்தா, அங்கே ஏதோ ஒன்னு அவங்களைத் தூங்க விடலைன்னு அர்த்தம். கமிட் ஹிஸ்டரி படிச்சுப் பழகினவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஒரே ஃபைல்ல பத்துத் தடவை "ஃபிக்ஸ்"னு இருந்தா நமக்குப் புரியும்ல.

மேலெழுதினால் என்ன தொலையும்?

இப்போ என் உறுத்தலுக்கு வர்றேன்.

பட்டியலின் வேலை, இன்றைக்கு எதை வாங்கலாம் என்று சொல்வது. பழைய நம்பருக்குப் பதில் புது நம்பர் வந்தால், புதியதைக் காட்டுவதுதான் அதற்கு நியாயம். விற்பவருக்கு அது போதும். ஆனால் 1967-ல் செய்த ஒரு காரை அன்று இருந்தபடியே மீட்கிறவருக்கு அது போதாது. அன்று எந்த நம்பர் மாட்டியிருந்தது, அது எப்படி இருந்தது என்பதுதான் அவர் கேள்வி. புதுப் பதிப்பு பழையதன் மேல் எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் போச்சு. அதனால்தான் மென்பொருள் வந்த பிறகும் பழைய புத்தகத்தையும் ஃபிலிமையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள். பழைய டிஸ்க்கை ஓட்டுவதற்காகவே பழைய விண்டோஸ் லேப்டாப்பை உயிரோடு வைத்திருப்பவர்களும் உண்டு. காகிதத்துக்கு அப்டேட் கிடையாது. இங்கே அதுவே அதன் பலம்.

போர்ஷேயும் இதை உணராமல் இல்லை. பழைய வண்டிகளுக்கென்றே போர்ஷே கிளாசிக் என்ற பிரிவு இயங்குகிறது. பழைய மாடல்களின் பட்டியலை பிடிஎஃப்-ஆக எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறார்கள். நான் படிச்சதும் அதைத்தான். பட்டியல் இருந்தால் பாகத்தைத் திரும்பச் செய்யவும் வழி பிறக்கிறது. 959 என்று ஒரு கார். மொத்தம் செய்ததே 292. அதன் கிளட்ச் ரிலீஸ் லீவர் கையிருப்பில் தீர்ந்துவிட்டது. இத்தனை சிறிய எண்ணிக்கைக்கு அச்சு செய்து வார்த்தால் கட்டுப்படியாகாது. 2018-ல் உலோகத் தூளை லேசரால் உருக்கி, 3டி பிரிண்டிங் முறையில் அதைச் செய்து காட்டினார்கள். ஏறத்தாழ மூன்று டன் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகு வண்டியில் மாட்டினார்கள். கையில் பாகம் இல்லாவிட்டாலும், அது எப்படி இருக்க வேண்டும் என்ற தகவல் இருந்தது. அதனால் பாகம் திரும்பி வந்தது. தகவலையும் தொலைத்திருந்தால்?

முதலில் சொன்ன 82 கார்களில் ஒன்று, சேசி எண் 57. 2014-ல் ஜெர்மனியில் ஒரு பழைய கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. முன் மட்கார்டுகள் உட்பட நிறைய இல்லை. போர்ஷே மியூசியம் அதை வாங்கி, மூன்று வருடம் செலவழித்து, அந்தக் காலத்துப் பாகங்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்து, 2017 டிசம்பரில் மக்கள் பார்வைக்கு வைத்தது. மியூசியத்திடம் அதற்கு முன் 901 ஒன்றுகூட இல்லை.

ஒரு சுற்றும் முடிந்திருக்கிறது. 2012-ல் போர்ஷே முழுமையாக ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போனது. புதிய பாகங்கள் குழுமத்தின் நம்பர் பாணிக்கு மாறிவிட்டன. 1960-களில் "என்றாவது ஒருநாள் சேருவோம்" என்று 900 வரிசையை ஒதுக்கினார்களே, அந்த ஒருநாள் அரை நூற்றாண்டு கழித்து வந்தே விட்டது.

பம்ப் கம்பெனி கதையை முடிச்சிடறேன். பேக்கப்ல இருந்து அந்தப் பழைய நம்பர்களை எல்லாம் திரும்ப ஏத்தினேன். இப்போ எதையும் அழிக்கிறதில்லை. "விற்பனையில் இல்லை"ன்னு ஒரு குறி, "இதுக்குப் பதில் இது"ன்னு ஒரு காலம், அவ்வளவுதான். ஸ்டோர்கீப்பரோட நோட்டையும் ரெண்டு சனிக்கிழமை அவர் பக்கத்துலேயே உட்கார்ந்து டைப் பண்ணினேன். நோட்டுல சில வரிக்கு எதிர்ல அவர் பென்சில்ல ஏதோ குறிச்சிருந்தார். என்னண்ணே இதுன்னு கேட்டேன். "இந்த மாடல் மோட்டார் இன்னும் எந்த ஊர்ல ஓடுதுன்னு எழுதியிருக்கேன் தம்பி"ன்னார். அதுக்கு என் டேபிள்ல காலமே இல்லை. சேர்த்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.